எட்டுத் துலாம் கந்தகம்

முன்னொரு காலத்தில், முன்கோபத்துக்குப் பேர்போன ராஜா ஒருவர் இருந்தார். பெயர் உதயகண்டர். சோறு குழைந்தால் கோபம். குதிரை கனைத்தால் கோபம். மழை பெய்தால் கோபம், பெய்யாவிட்டால் அதைவிடக் கோபம். மற்றபடி தங்கமான மனுஷர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரிடம் அடி வாங்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ராஜாவிடம் ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் வந்தான். வந்த காரியம் முடிந்து புறப்படும்போது கோட்டை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். "கோட்டை நல்ல கோட்டைதான். கொஞ்சம் சோகை பிடித்தாற்போல வெளுத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினான்.

அவ்வளவுதான். ராஜாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"பங்குனித் தேருக்குள் கோட்டையின் முகப்பு முழுவதும் சாதிலிங்கச் சிவப்பு ஏற வேண்டும்! காத தூரத்தில் வருகிறவன் கோட்டை தீப்பிடித்துவிட்டது என்று அலற வேண்டும்!" என்று உத்தரவு போட்டார்.

சாதிலிங்கம் என்பது செந்நிறப் பொடி. அரண்மனைக்குத் தெற்கே இருந்த செந்தூரச் சாலை என்ற பட்டறையில் அதைச் செய்தார்கள். பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் போட்டு அரைப்பார்கள். அரைக்க அரைக்க வெள்ளியும் மஞ்சளும் மறைந்து மை போலக் கறுக்கும். அதைச் சட்டியில் இட்டு, மேலே ஒரு சட்டி கவிழ்த்து, வாயைச் சீலைமண்ணால் பூசி அடுப்பேற்றுவார்கள். சூடு ஏறி ஆறியபின் திறந்தால் மேல் சட்டியின் உட்புறத்தில் ரத்தக்கட்டி மாதிரி சாதிலிங்கம் படிந்திருக்கும். ஆறு பங்கு பாதரசத்துக்கு ஒரு பங்கு கந்தகம். இது எடைக் கணக்கு. அந்தச் சாலையில் வேலை செய்த எல்லோருக்கும் இது தெரியும். சாலைக்குத் தலைவன் மூக்கையன்.

சரக்கு வாங்கித் தருவது பண்டக அதிகாரி மாதவராயரின் பொறுப்பு. பெரிய குடும்பம், பெரிய மீசை. ராஜாவுக்குத் தாம்பூலம் மடித்துக் கொடுக்கும் உரிமையும் அவருடையதுதான். அந்த உரிமையை அவர் உயிரைவிட மேலாக நினைத்தார். ஆனால் ராஜாவின் கோபம் தணிவதென்னவோ தாம்பூலத்தால் இல்லை. சபையில் வேம்பன் என்றொரு விகடகவி இருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் ராஜா சிரித்துவிடுவார். இதனால் வேம்பனைக் கண்டாலே மாதவராயருக்கு வயிறு எரியும்.

உத்தரவு பிறந்ததும் மாதவராயர் துறைமுகத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது கந்தகம் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. கிடங்கு முற்றத்தில் மஞ்சள் மலையாகக் குவித்து, ராஜாவை அழைத்து வந்து காட்டினார்.

"போன வருஷம் ஐந்து துலாம் கந்தகம்தான் வந்தது மன்னா. இந்த வருஷம் பத்துத் துலாம்!"

"பாதரசம்?"

"அதுவும் இருக்கிறது. பன்னிரண்டு துலாம். கந்தகத்தைவிட அதிகமாகவே வாங்கியிருக்கிறேன்."

ராஜாவுக்கு மஞ்சள் மலையைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. போன வருஷம் பாதரசம் முப்பது துலாம் வந்தது என்பது அவர் நினைவில் இல்லை. மாதவராயர் நினைவில் இருந்தது. அவர் சொல்லவில்லை.

செந்தூரச் சாலையில் இராப்பகலாக அடுப்பு எரிந்தது. முடிவில் மூக்கையன் பதினான்கு துலாம் சாதிலிங்கத்தை வண்டியில் ஏற்றி அனுப்பினான். அதோடு எட்டுத் துலாம் கந்தகத்தையும், இது மிச்சம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். பதினான்கு துலாம் சிவப்பு கோட்டைக் கதவுக்கும் அதற்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கும் வந்தது. அதற்கு மேல் பழைய வெளுப்புதான். பார்ப்பதற்கு வெற்றிலை போட்ட கிழவன் வாயைத் திறந்தது போல இருந்தது.

ராஜா கொதித்தார். மூக்கையனையும் அவன் கூட்டாளிகள் நால்வரையும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

மாதவராயர் முன்னால் வந்து கைகூப்பினார். "மன்னா, கணக்கு எளிது. போன வருஷம் ஐந்து துலாம் கந்தகத்தில் முப்பத்தைந்து துலாம் சிவப்பு வந்தது. இந்த வருஷம் பத்துத் துலாம் கந்தகம் கொடுத்தேன். எழுபது துலாம் வர வேண்டும். வந்தது பதினான்கு. எங்கே மீதி?"

"எங்கேடா மீதி?" என்று ராஜா உறுமினார்.

"ராசா, பாதரசம் தீந்துபோச்சு. அது இல்லாம கந்தகம் எப்படிச் செவக்கும்?" என்றான் மூக்கையன்.

மாதவராயர் சிரித்தார். "கேட்டீர்களா மன்னா? பாதரசம் பன்னிரண்டு துலாம் கொடுத்தேன். கந்தகம் பத்து. எது அதிகம்? பாதரசம் அதிகம். குறைவாகக் கொடுத்த கந்தகம் மிஞ்சியிருக்கிறது. அதிகமாகக் கொடுத்த பாதரசம் தீர்ந்துவிட்டதாம்! எப்படித் தீரும்? திருடியிருக்கிறார்கள்."

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கேட்பதற்குச் சரியாகத்தானே இருந்தது! கந்தகத்தைவிடப் பாதரசம் அதிகம். அப்படியிருக்கப் பாதரசம் முதலில் தீருமா? சேனாதிபதி தலையாட்டினார். புரோகிதர் தலையாட்டினார். மூக்கையன் ஆறு பங்கு, ஒரு பங்கு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வாயை மூடு!" என்றார் ராஜா.

திருடிய பாதரசத்தை வெளியே எடுத்து, மிச்சமிருக்கும் எட்டுத் துலாம் கந்தகத்தையும் சிவப்பாக்கித் தரும்வரை தினமும் காலையில் ஆளுக்குப் பத்துக் கசையடி என்று தீர்ப்பானது.

இதெல்லாம் நடந்தபோது வேம்பன் ஊரில் இல்லை. அவனுடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. போய்விட்டு வந்து, கைகால் கழுவி, மதியச் சாப்பாட்டுக்கு இலை முன்னால் உட்கார்ந்தான். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், மூக்கையன் பெண்டாட்டி வெள்ளச்சி நின்றுகொண்டிருந்தாள். தலை விரிந்து கிடந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"சோறு நல்லா இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.

வேம்பன் கையை எடுத்துவிட்டான். "என்ன தாயி? என்ன ஆச்சு?"

"எம் புருசன் முதுகை உரிச்சுட்டாங்க. நேத்து பத்து, இன்னிக்கிப் பத்து. இல்லாத பாதரசத்தை எங்கேன்னு கேக்குறாங்க. சட்டிக்குள்ள போனது சட்டிக்குள்ள செவப்பாக் கெடக்கு. அதையும் வாங்கிக் கதவுல பூசிட்டாங்க. பூசினதைக் கண்ணால பாத்துக்கிட்டே, எங்கடா பாதரசம்னு அடிக்கிறாங்க. நீங்கல்லாம் என்ன ஐயா அரமணையில பண்றீங்க? ராசா தும்முனா நீங்க ஒரு பாட்டு, ராசா கொட்டாவி விட்டா நீங்க ஒரு கதை. இதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"நான் ஊரில் இல்லையே தாயி."

"இப்ப இருக்கீங்கள்ல?"

வேம்பன் நடந்ததை முழுக்க அவளிடம் கேட்டறிந்தான். மாதவராயர் சொன்ன கணக்கைக் கேட்டதும் அவன் முகம் சிவந்தது. இலையை மடித்தான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போனான்.

அவனைக் கண்டதும் ராஜாவின் முகம் மலர்ந்தது. "வா, வேம்பா! எங்கே போனாய்? இந்தத் திருட்டுப் பயல்களால் என் மனம் கொதித்துக் கிடக்கிறது. ஏதாவது சொல், சிரிப்போம்."

"சொல்கிறேன் மன்னா. ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு இரண்டு காது. ஒரு காதை ஓர் அதிகாரிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். இன்னொரு காதைப் பூட்டி வைத்திருந்தார்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் மலர்ச்சி மறைந்தது.

"மூக்கையன் திருடவில்லை மன்னா. பாதரசம் தீர்ந்தது. ஆறு பங்குக்கு ஒரு பங்கு என்பது அந்தச் சரக்கின் கணக்கு. அந்தக் கணக்கை நீங்களும் மாற்ற முடியாது, கசையாலும் மாற்ற முடியாது. ஒரு வார்த்தை அவனைப் பேச விட்டிருந்தால் இது விளங்கியிருக்கும். பேச விடாமல் முதுகை உரித்துவிட்டீர்கள்."

ராஜாவிடம் அப்படி யாரும் பேசியது கிடையாது.

மாதவராயர் இந்தத் தருணத்துக்காகத்தான் பல வருஷமாகக் காத்திருந்தார். மெல்லக் குனிந்து சொன்னார்: "மன்னா, விகடகவிக்குச் செந்தூரக் கலையும் தெரியும் போலிருக்கிறது. அந்த எட்டுத் துலாமையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாமே. பாதரசம் மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த பாதரசம் எங்கே இருக்கிறது என்று அவருடைய சிநேகிதர்களுக்குத் தெரியும்."

ராஜா சிம்மாசனத்தை அறைந்தார். "சரியாகச் சொன்னீர்! வேம்பா, கேட்டுக்கொள். நாளைக் காலை சபை கூடும்போது அந்தக் கந்தகத்தில் ஒரு பொடிகூட மிஞ்சக் கூடாது. என் கண்ணுக்குச் சிவப்பு வேண்டும்! இல்லாவிட்டால் அவர்களோடு சேர்த்து உன்னையும் தூணில் கட்டுவேன்."

வேம்பன் தலை நிமிர்ந்தான். "உத்தரவை மறுபடி சொல்கிறேன், பிசகிருந்தால் திருத்துங்கள். கந்தகம் மிஞ்சக் கூடாது. தங்கள் கண்ணுக்குச் சிவப்பு வேண்டும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அதுவரை யார் மேலும் கசை படக் கூடாது."

"சரி. போ!"

மறுநாள் காலை வேம்பன் சபா மண்டபத்துக்கு முன்னால் இருந்த முற்றத்தில் எட்டுத் துலாம் கந்தகத்தையும் சட்டி சட்டியாக வரிசை வைத்திருந்தான். சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், பணிப்பெண்கள் எல்லோரையும் தெப்பக்குளத்துப் பக்கம் போகச் சொல்லிவிட்டான். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ராஜாவும், மாதவராயரும், தலையாட்டிய பிரபுக்களும்தான். காற்று முற்றத்திலிருந்து மண்டபத்துக்குள் வீசிக்கொண்டிருந்தது.

"ஆரம்பிக்கலாமா மன்னா?"

"ஆகட்டும்."

வேம்பன் ஒரு கைப்பிடிக் கந்தகத்தை எடுத்துத் தணல் நிறைந்த சட்டியில் போட்டான். நீலச் சுடர் ஒன்று நாக்கு நீட்டியது. அழகாக இருக்கிறதே என்று புரோகிதர் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி காற்று அடித்தது.

நெடி மூக்கில் ஏறியது. தொண்டையில் முள் தைத்தது போல இருந்தது. புரோகிதர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சேனாதிபதி இருமிய இருமலில் தலைப்பாகை கழன்று உருண்டது. மாதவராயருடைய பெரிய மீசை கண்ணீரிலும் மூக்குநீரிலும் நனைந்து தொங்கியது. ராஜா இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினார். கசக்கக் கசக்க எரிந்தது.

வேம்பன் நகரவில்லை. அவன் கண்ணும் எரிந்தது. இன்னொரு கைப்பிடி போட்டான்.

"நிறுத்து! நிறுத்தடா! என்ன செய்கிறாய்?"

"உத்தரவை நிறைவேற்றுகிறேன் மன்னா. தங்கள் கண்ணுக்குச் சிவப்புக் கேட்டீர்கள். கண்ணாடி கொண்டுவரச் சொல்லட்டுமா? கோவைப் பழம் தோற்றது."

"வேம்பா!"

"இன்னும் ஒரு சட்டிகூடத் தீரவில்லை. இதோ, இத்தனை சட்டி இருக்கிறது. ஒரு பொடிகூட மிஞ்சக் கூடாது என்று சொன்னீர்கள்." அவன் ஒரு சட்டியை அப்படியே தூக்கித் தணலுக்கு நேரே சாய்க்கப் போனான்.

"வேண்டாம்! உத்தரவைத் திரும்பப் பெறுகிறேன்! மிஞ்சட்டும், எல்லாம் மிஞ்சட்டும்!"

வேம்பன் சட்டியைக் கீழே வைத்தான். தணலின் மேல் மணலை அள்ளிக் கொட்டினான். புகை கலைந்தது.

ராஜா உருவிய வாளோடு முற்றத்தில் இறங்கினார். கண் இரண்டும் நெருப்புத் துண்டாக இருந்தன. புகையால் பாதி, கோபத்தால் பாதி. "என்னை அழவைத்துவிட்டாய். மூக்கையன் திருடவில்லை என்று இப்போதே, இங்கேயே, எனக்கு விளங்கும்படிக் காட்டு. காட்டாவிட்டால் உன் தலை உனக்கில்லை."

"காட்டுகிறேன். அதற்கு முன் தங்கள் தொண்டை கரகரக்கிறது. ஒரு தாம்பூலம் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்."

வெற்றிலைத் தட்டு வந்தது. வேம்பன் கையை நீட்டினான். மாதவராயர் பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். "மன்னருக்குத் தாம்பூலம் மடிக்கும் உரிமை என்னுடையது!"

"மடியுங்கள் ஐயா, தாராளமாக மடியுங்கள். இங்கே எல்லோருக்கும் தொண்டை எரிகிறது. மன்னருக்கு ஒன்று, சேனாதிபதிக்கு ஒன்று, புரோகிதருக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று." வேம்பன் தட்டில் ஒன்பது வெற்றிலையை எண்ணி வைத்தான். பக்கத்தில் ஐந்து கொட்டைப்பாக்கு வைத்தான். மற்றதை எடுத்து அப்பால் கொடுத்துவிட்டான். "மன்னா, தட்டைப் பாருங்கள். எது அதிகம்?"

"வெற்றிலை அதிகம்."

"பாக்கு?"

"குறைவு. ஐந்துதான்."

"சரி. அதிகாரி அவர்கள் மடிக்கட்டும்."

அந்த அரண்மனையில் தாம்பூலத்துக்கு மூன்று வெற்றிலை, ஒரு பாக்கு. அப்படித்தான் வழக்கம். மாதவராயர் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மூன்று வெற்றிலையை ஒன்றாக மடித்து ராஜாவிடம் கொடுத்தார். இரண்டாவதைச் சேனாதிபதியிடம் கொடுத்தார். மூன்றாவதைப் புரோகிதரிடம் கொடுத்தார். பிறகு கை நின்றுவிட்டது.

"எனக்கு எங்கே?" என்றான் வேம்பன்.

"வெற்றிலை தீர்ந்துவிட்டது."

"தீர்ந்துவிட்டதா! எப்படித் தீரும்? இதோ, இரண்டு பாக்கு மிச்சம் இருக்கிறதே. குறைவாக வைத்த பாக்கு மிஞ்சியிருக்கிறது, அதிகமாக வைத்த வெற்றிலை தீர்ந்துபோய்விட்டதா? மன்னா, தங்கள் கண் முன்னாலேயே வெற்றிலையைத் திருடிவிட்டார்!"

மாதவராயருக்குப் புகையில் எரிந்த தொண்டை மேலும் எரிந்தது. "என்ன பேச்சுப் பேசுகிறாய்! ஒரு பாக்குக்கு மூன்று வெற்றிலை வேண்டுமடா முட்டாளே! ஒன்பது வெற்றிலையில் மூன்று தாம்பூலம்தான் வரும். பாக்கு ஐந்து இருந்தால் என்ன, ஐம்பது இருந்தால் என்ன, வெற்றிலை இல்லாமல் எதை வைத்து மடிப்பேன்?"

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

வேம்பன் மெதுவாகச் சொன்னான்: "இதைத்தான் மூக்கையன் சொன்னான். இவர் சொன்னால் கணக்கு, அவன் சொன்னால் திருட்டா? மன்னா, எது அதிகம், எது குறைவு என்று குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு சரக்கும் எத்தனை தடவைக்கு வரும் என்று பார்க்க வேண்டும். எது முதலில் தீருமோ, அதோடு வேலை நின்றுவிடும். மற்றது மலையாகக் கிடந்தாலும் மண்தான். பன்னிரண்டு துலாம் பாதரசத்தில் எத்தனை ஆறு இருக்கிறது?"

ராஜா விரல் மடக்கினார். "இரண்டு."

"பத்துத் துலாம் கந்தகத்தில் எத்தனை ஒன்று?"

"பத்து."

"பாதரசம் இரண்டு தடவைக்குத்தான் வரும். கந்தகம் பத்துத் தடவைக்கு வரும். அப்படியானால் எத்தனை தடவை செய்யலாம்?"

"இரண்டுதான்." ராஜாவின் குரல் தாழ்ந்தது. விரல்கள் தாமாகவே மேலே எண்ணின. "பாதரசம் பன்னிரண்டு. அதற்குக் கந்தகம் இரண்டு. சேர்த்தால் பதினான்கு. மிச்சக் கந்தகம் எட்டு." கோட்டைக் கதவையும் முற்றத்துச் சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாக இருக்கிறதே. ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லையே!"

பிறகு மாதவராயரைப் பார்த்தார். மிச்சமிருந்த இரண்டு பாக்கையும் கையில் ஏந்திக்கொண்டு, நனைந்த மீசையோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வெற்றிலைத் திருடன்!" என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிரபுக்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"சிரிக்காதீர்கள்!" என்று வேம்பன் கத்தினான்.

சிரிப்பு பட்டென்று நின்றது.

"இத்தனை வருஷம் உங்களைச் சிரிக்க வைத்தேன். இன்றைக்கு அதற்காக வரவில்லை. ஐந்து பேர் முதுகு கிழிந்து கிடக்கிறது. அங்கே தூணில் ரத்தம் காயவில்லை. இவர் பொய் சொன்னார், அது அவர் குணம். நீங்கள் கேட்டீர்கள். கேட்டதோடு, மெய் சொன்னவனை வாயை மூடச் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்து இன்னொரு தடவை சிரித்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன்."

ராஜாவின் கை வாளின் பிடியில் இறுகியது. ஆனால் வாள் உயரவில்லை. அது மெல்ல உறைக்குள் போனது. ராஜா மாதவராயர் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் பாதரசம் எவ்வளவு வந்தது?"

"மு... முப்பது துலாம், மன்னா."

"இந்த வருஷம் ஏன் பன்னிரண்டு?"

மாதவராயர் அப்போதும் அடங்கவில்லை. அவருக்கும் கோபம்தான் வந்தது. "பாதரசம் கொண்டுவந்த கப்பல்காரன் என்னை மதிக்கவில்லை மன்னா! நான் போனபோது எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே விலை பேசினான். அதனால் அவனை வெயிலில் காலை முதல் மாலைவரை நிற்க வைத்தேன். ராத்திரியோடு ராத்திரியாகச் சரக்கைப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். துறையில் சிதறிக் கிடந்ததைத் திரட்டினேன், பன்னிரண்டுதான் கிடைத்தது. வெறும் வண்டியோடு வர முடியுமா? கந்தகம் மலிவாகக் கிடைத்தது, நிறைய வாங்கினேன்."

"ஒருவன் எழுந்து நிற்காததற்காகவா ஐந்து பேரைக் கட்டி அடிக்க வைத்தீர்?"

மாதவராயர் கையிலிருந்த பாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜா யாரையும் அழைக்காமல் தானே கசைத்தூண் இருந்த கொட்டடிக்கு நடந்தார். வேம்பன் பின்னால் போனான். மாதவராயரும் தயங்கித் தயங்கி வந்தார். ராஜாவே தாழைத் திறந்தார். உள்ளே மூக்கையன் குப்புறப் படுத்திருந்தான். வெள்ளச்சி அவன் முதுகில் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். ராஜாவைக் கண்டதும் மற்றவர்கள் தடுமாறி எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"மூக்கையா, தவறு என்னுடையது. நீ திருடவில்லை" என்றார் ராஜா.

"அது எனக்கு முன்னமே தெரியும் ராசா" என்றான் மூக்கையன், தலையைத் திருப்பாமல்.

ராஜா ஐவரையும் பார்த்தார், பிறகு வெள்ளச்சியைப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு தோப்பு எழுதித் தருகிறேன். உங்கள் சாலையில் இனி உங்களைக் கேட்காமல் ஒரு சரக்கும் வாங்கமாட்டார்கள். வேறு என்ன வேண்டும், கேள் அம்மா."

"எதுன்னாலும் தருவீங்களா?"

"தருவேன்."

வெள்ளச்சி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நனைந்த மீசையோடு நின்ற மாதவராயரை மேலும் கீழும் பார்த்தாள். "தோப்பு இருக்கட்டும். எம் புருசன் முதுகு ஆறுற வரைக்கும் அவரால குனிய முடியாது. வீட்டுல வெறகு பொளக்க ஆளில்ல. நல்ல தடியான ஆளா இருக்காரே, இவரை அனுப்புங்க."

குப்புறப் படுத்திருந்த மூக்கையன்தான் முதலில் குலுங்கினான். "ஐயோ, சிரிக்க வைக்காத புள்ள, முதுகு வலிக்குது" என்றான். வேம்பன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். ஊரிலிருந்து வந்தபிறகு அவன் சிரித்தது அப்போதுதான். அவன் சிரித்ததைப் பார்த்தபிறகே ராஜா சிரித்தார். சிவந்த கண்ணிலிருந்து மறுபடி நீர் வழிய வழியச் சிரித்தார்.

"அப்படியே ஆகட்டும்! மாதவராயரே, கோடரியை எடும்!"

கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். வேம்பனுக்குக் கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனாலும் மாலையை வாங்கிக்கொண்டான். கோபக்காரன்தான், முட்டாள் இல்லை.

பிறகு ராஜா தம் கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டு அந்தக் கப்பல்காரனுக்கு ஆள் அனுப்பினார். எட்டுத் துலாம் கந்தகத்துக்கு எட்டாறு நாற்பத்தெட்டு துலாம் பாதரசம் என்று கணக்கையும் அவரே போட்டார். போட்டதை மூக்கையனிடம் காட்டி, சரியா என்று கேட்டார். வேம்பன் எரித்துவிட்ட இரண்டு கைப்பிடியைக் கழிக்கச் சொன்னான் மூக்கையன். சரக்கு வந்து சேரப் பங்குனித் தேர் கடந்துவிட்டது. கோட்டை கொஞ்சம் தாமதமாகச் சிவந்தது.

மாதவராயர் தினமும் காலையில் வெள்ளச்சி வீட்டுக் கொல்லையில் விறகு பிளந்தார். முதல்நாள் கிடைத்தது புளியங்கட்டை. கோடரி மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"முதுகு ஆறட்டும்" என்றாள் அவள்.

மூக்கையனின் முதுகு சித்திரையிலேயே ஆறிவிட்டது என்று ஊரார் சொல்வார்கள். வெள்ளச்சி அதை ஆடி மாதம்வரை வெளியில் சொல்லவில்லை.